ஒரு வேளைச் சோறு திறந்த பள்ளிக்கூடம்

ஒரு அணாவுக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அணா என்றால் என்ன என்றே தெரியாது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அந்தப் பதினாறில் ஒரு பங்குதான் ஒரு அணா.

1920-ம் ஆண்டில் சென்னை நகரசபை ஒரு தீர்மானம் செய்தது. ஆயிரம் விளக்கில் நகரசபை நடத்தி வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு ஆகக் கூடாது. இதுதான் தீர்மானம்.

அப்போது நகரசபைத் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராய செட்டியார். நீதிக் கட்சியைத் தொடங்கிய தலைவர்களில் ஒருவர். இன்று "தி.நகர்" என்று சொல்கிறோமே, அந்தத் தியாகராய நகர் இவர் பெயரால் ஏற்பட்டதுதான்.

ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். கட்டிடம் இருந்தது. வாத்தியார் இருந்தார். கரும்பலகை இருந்தது. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. அதற்கு ஏழ்மைதான் காரணம் என்று தியாகராயர் எடுத்துச் சொன்னார்.

ஒரு அணாப் பலகாரத்துக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு ஏழைக் குடும்பத்தின் அடுப்படிக்குப் போக வேண்டும்.

கூழுக்குப் போன படிப்பு

அந்தக் காலத்தில் ஏழெட்டு வயது ஆகிவிட்டால், கூலிக்காரர் வீட்டுப் பையன் மாடு மேய்க்கப் போய்விடுவான். பண்ணை வீட்டில் அவனுக்குக் காலையில் பழைய சோறு கிடைக்கும். மத்தியானம் கூழ் கிடைக்கும். வருஷ முடிவில் கொஞ்சம் நெல் கிடைக்கும். வேட்டியோ துண்டோ கிடைக்கும்.

இதில் பெரிய வரும்படி எது தெரியுமா? நெல் அல்ல. அந்தக் கூழ்தான்! வீட்டில் உலை வைக்கும்போது ஒரு வயிறு குறைகிறது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அந்த ஒரு பங்கு பெரிய விஷயம்.

இந்தப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? பண்ணையார் வீட்டுக் கூழ் நின்று போகும். பையன் மத்தியானம் வீட்டுக்கு வந்து நிற்பான். வீட்டில் அடுப்பு எரியாது. அப்பாவும் அம்மாவும் வயலில் இருப்பார்கள்.

பெண் பிள்ளையாக இருந்தால், மூத்தவள் என்ற பெயர் ஒன்றே போதும். தாய் களை எடுக்கப் போவாள். கைக்குழந்தையை இவள் இடுப்பில் வைத்துக்கொள்வாள். இவளுக்குப் பள்ளிக்கூடம் வெகுதூரம்.

"படிப்பு இலவசம்" என்று சொன்னால், பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்ட வேண்டாம் என்றுதான் அர்த்தம். ஏழைக்குப் படிப்பின் உண்மையான விலை அந்தச் சம்பளம் அல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போவதால் பிள்ளை இழக்கும் கூழ்தான் அதன் விலை! அந்தக் கூழைப் பள்ளிக்கூடமே ஊற்றினால்தான் கணக்கு நேராகும்.

பூட்டியிருந்த கதவு

இது பள்ளிக்கூட வாசல்வரை வர முடிந்தவர்களின் கதை. வாசலுக்கே வர முடியாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். தீண்டாமையால் சேரியில் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் அவர்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் மேல்சாதியார் தெருவில் இருக்கும். அந்தத் தெருவில் நடக்கவே சேரிப் பிள்ளைக்கு அனுமதி கிடையாது. பிறகு எங்கே படிப்பது?

இரட்டைமலை சீனிவாசன் பெரிய தலைவர். 1893-ம் ஆண்டில் தம் மக்களுக்காகப் பத்திரிகை தொடங்கியவர். பிற்காலத்தில் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய் வந்தவர். அவர் சிறுவனாகக் கோயம்புத்தூரில் படித்தபோது மற்றப் பையன்களோடு விளையாடப் போக மாட்டார். ஊரையும் உறவையும் விசாரித்துச் சாதியைத் தெரிந்துகொண்டு விடுவார்களோ என்று பயம்! இதை அவரே தம் ஜீவிய சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

1893-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஒதுக்கப்பட்ட மக்களின் படிப்புக்காகச் சென்னை சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. அடுத்த ஆண்டு, 1894-ல், அடையாறுக்குப் பக்கத்தில் ஊரூரில் கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கர் அவர்களுக்காக இலவசப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தார். கிறிஸ்தவ மிஷன்கள் அதற்கு முன்பிருந்தே பள்ளிகள் நடத்தி வந்தன.

கதவு இப்படி மெல்ல மெல்லத் திறந்தது. ஆனால் திறந்த கதவு வழியாகவும் பட்டினிப் பிள்ளை உள்ளே வர முடியவில்லை. அங்கேதான் ஒரு அணா வேலை செய்தது.

811 பேர் 1,671 பேர் ஆன கதை

ஆயிரம் விளக்கில் தொடங்கிய சிற்றுண்டித் திட்டம் இன்னும் நான்கு பள்ளிக்கூடங்களுக்குப் பரவியது. மொத்தம் ஐந்து பள்ளிக்கூடங்கள்.

1922-23-ல் இந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் 811 பேர். 1924-25-ல் எத்தனை பேர் தெரியுமா? 1,671 பேர்! இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல்!

இந்தப் பிள்ளைகள் புதிதாக எங்கிருந்தோ வந்து குதித்தவர்கள் அல்ல. அதே தெருக்களில், அதே குடிசைகளில் இருந்தவர்கள்தான். அதுவரை அவர்களைத் தடுத்தது எது என்பதை இந்த இரண்டு எண்களுமே சொல்லிவிடுகின்றன.

ஆனால் என்ன நடந்தது? 1925-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதியுடன் சிற்றுண்டி நின்று போனது. தொடக்கக் கல்விக்கு என்று ஒதுக்கிய பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவு செய்வதற்கு வெள்ளைக்கார சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. கல்வி வேறு, சாப்பாடு வேறு என்பது அவர்கள் கணக்கு. தியாகராயரும் அதே ஆண்டில் காலமானார்.

நகரசபை விடவில்லை. மறுபடியும் மறுபடியும் எழுதிக் கேட்டது. கடைசியில் 25 பள்ளிக்கூடங்களில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் மதியச் சாப்பாடு கொடுக்க அனுமதி கிடைத்தது.

ஒரு கேள்விக்கு இரண்டு பதில்

நாடு சுதந்திரம் அடைந்தது. 1951-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 20 பேர்தான். எண்பது பேர் கைநாட்டு!

1953-ம் ஆண்டில் முதல்-மந்திரியாக இருந்த ராஜாஜி ஒரு புதிய திட்டம் கொண்டு வந்தார. கிராமத்துப் பிள்ளைகள் தினமும் மூன்று மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். மற்ற நேரத்தில் வீட்டில் இருந்து தொழில் பழக வேண்டும். பாதி நாள் படிப்பு என்றால், இருக்கிற வாத்தியார்களைக் கொண்டே இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது அவருடைய வாதம்.

பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டும் "குலக் கல்வித் திட்டம்" என்று எதிர்த்தவர்கள் பெயர் வைத்தார்கள். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும், சிரைப்பவர் மகன் சிரைக்கவும் பள்ளிக்கூடமே நேரம் ஒதுக்கித் தருவதா என்று கேட்டார்கள்.

1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனார். அந்த ஆண்டே அரை நாள் திட்டம் கைவிடப்பட்டது.

கவனித்துப் பார்த்தால், இரண்டு பேர் முன்னாலும் நின்றது ஒரே கேள்விதான். வீட்டு வேலையும் வயிற்றுப்பாடும் பிள்ளையைப் பிடித்து இழுக்கின்றனவே, என்ன செய்வது? பாதி நாளை வீட்டுக்கே கொடுத்துவிடுவது ஒரு பதில். வீட்டில் கிடைக்காத சோற்றைப் பள்ளியிலேயே போட்டு, முழு நாளையும் படிப்புக்கு வாங்குவது இன்னொரு பதில். தமிழ்நாடு இரண்டாவது பதிலைத் தேர்ந்தெடுத்தது.

படிக்க முடியாமல் போனவர்

காமராஜர் விருதுநகரில் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்து போனார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. கடையில் வேலைக்குப் போனார். பள்ளிக்கூடம் இருந்தும் படிக்க முடியாமல் போவது எப்படி என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவை இல்லை.

காரில் போகும்போது மாடு மேய்க்கும் பையனைப் பார்த்து, "ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று காமராஜர் கேட்டாராம். "போனால் சோறு யார் போடுவார்?" என்று அவன் திருப்பிக் கேட்டானாம். இப்படி ஒரு கதை தமிழ்நாட்டில் சொல்லாத ஊர் இல்லை. அது நடந்ததோ இல்லையோ, அப்படி எத்தனையோ ஆயிரம் பையன்கள் இருந்தார்கள் என்பது நிச்சயம்.

அப்போது கல்வி டைரக்டராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. செங்கல்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். முதல்-மந்திரியின் எண்ணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன அதிகாரி இவர்தான்.

1956-ம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் இதைத் தொடங்கி வைத்தார்.

பணம் எங்கிருந்து வந்தது? முதலில் அரசாங்கப் பெட்டியிலிருந்து வரவில்லை. ஊர் ஜனங்கள்தான் கொடுத்தார்கள். ஒருவர் அரிசி கொடுத்தார். ஒருவர் பருப்பு கொடுத்தார். தோட்டக்காரர் கத்தரிக்காய் கொடுத்தார். ஒருவர் விறகு வெட்டிப் போட்டார். பாத்திரம் வாங்கிக் கொடுத்தவரும் உண்டு.

பிறகு 1957-ல் அரசாங்கம் செலவில் பங்கு ஏற்றது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு. அதில் ஆறு காசு அரசாங்கம். நான்கு காசு ஊர்.

1961 முதல் "கேர்" என்ற அமெரிக்க உதவி நிறுவனம் பால் பவுடர், எண்ணெய் போன்றவற்றை அனுப்பி வைத்தது. அந்தக் காலத்தில் படித்தவர்களுக்குப் பள்ளிக்கூடப் பாலின் வாசனை இன்றும் மறந்திருக்காது.

சோறு போட்டதும் அடுத்த தடை கண்ணுக்குத் தெரிந்தது. கிழிந்த சட்டையோடு வர வெட்கப்பட்டு நின்ற பிள்ளைகள்! ஊராரிடம் வாங்கிச் சீருடை கொடுத்தார்கள். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி நாற்காலி, மேஜை, கரும்பலகை, நிலம், கட்டிடம் எல்லாம் நன்கொடையாகப் பெற்றார்கள். பள்ளிக்கூடச் சம்பளமும் படிப்படியாக ஒழிக்கப்பட்டது. பதினோராம் வகுப்பு வரை, அதாவது எஸ்.எஸ்.எல்.சி. வரை, படிப்பு இலவசம் ஆயிற்று.

1961-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது, படித்தவர்கள் நூற்றுக்கு 31 பேர். பத்து வருஷத்துக்கு முன் இருபது. இந்த ஏற்றத்துக்குச் சோறு மட்டும் காரணம் அல்ல. புதுப் பள்ளிகளும் புது வாத்தியார்களும் காரணம். ஆனால் புதுப் பள்ளியில் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்ததில் சோற்றுக்கும் பெரிய பங்கு உண்டு.

பாப்பாக்குறிச்சியில் பெரிய பந்தி

1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் அன்றைய முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

பழைய திட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பழைய திட்டத்தில் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டவில்லை. செலவில் ஊராரின் பங்கும் வேண்டியிருந்தது. புதுத் திட்டத்தில் முழுப் பொறுப்பும் அரசாங்கத்துடையது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. இரண்டு வயதுக் குழந்தைக்கும் பால்வாடியில் சோறு. கிராமத்தில் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984-ல் பதினைந்து வயது வரை உள்ள மாணவர்களுக்கும் நீண்டது.

இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது, இதற்குப் பதில் தொழிற்சாலை கட்டலாமே என்று அறிஞர்கள் சிலர் கேட்டார்கள். எம்.ஜி.ஆர். அசையவில்லை. சிறு வயதில் தாம் அனுபவித்த பட்டினியிலிருந்து பிறந்த திட்டம் இது என்று அவர் சொல்லி வந்தார்.

ஒவ்வொரு மையத்திலும் ஒரு அமைப்பாளர், ஒரு சமையல்காரர், ஒரு உதவியாளர். இந்த வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அடுப்படிப் புகையில் இருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கினார்கள். "சத்துணவு ஆயா" என்பது ஊரில் ஒரு உத்தியோகம் ஆனது.

1989-ல் கருணாநிதி ஆட்சியில் சோற்றோடு முட்டை வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரத்துக்கு ஒன்று, மூன்று என்று ஏறி, 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. கட்சிகள் மாறின. ஆட்சிகள் மாறின. ஆனால் ஒருவர் போட்ட இலையை இன்னொருவர் எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் கூட ஒரு பதார்த்தம் வைத்துவிட்டுத்தான் போனார்கள்!

ஒரே பந்தி

சோறு வயிற்றை மட்டுமா நிரப்பியது? சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீட்டில் அப்பாக்கள் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்காத காலத்தில், பிள்ளைகள் ஒரே அண்டாச் சோற்றைத் தின்றார்கள். இதை எந்தப் பாடப் புத்தகமும் கற்றுக் கொடுத்துவிட முடியாது.

ஆனால் எல்லா ஊரிலும் இது சுலபமாக நடந்துவிடவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர்கள் தகராறு செய்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்திருக்கின்றன. 2018-ல் திருப்பூர் மாவட்டத்திலும், 2023-ல் கரூர் மாவட்டத்திலும் இப்படி நடந்தது. அதிகாரிகள் போய்ப் பேச வேண்டியிருந்தது. போலீசில் வழக்கும் பதிவாயிற்று.

பிள்ளைகள் பெரும்பாலும் யார் சமைத்தார் என்று கேட்பதில்லை. குழம்பில் முருங்கைக்காய் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சாதியைத் தட்டில் கொண்டுவந்து வைப்பவர்கள் பெரியவர்களே!

மறக்க முடியாத தீ

இந்தக் கதையில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் தீப்பிடித்தது. சத்துணவு சமைத்த அடுப்பிலிருந்து கீற்றுக் கொட்டகைக்குத் தாவிய தீ அது. 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள்.

குறுகலான படிக்கட்டு. கூரை முழுவதும் கீற்று. அடுப்புக்குப் பக்கத்திலேயே வகுப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம்தானே, இது போதும் என்ற அலட்சியம்!

அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற உத்தரவு வந்தது. பள்ளிகளின் பாதுகாப்பு பற்றிய சட்டதிட்டங்கள் கடுமையாயின. அந்தத் தாய்மார்களின் கண்ணீருக்கு அது ஈடு ஆகுமா?

டில்லியில் ஒரு தீர்ப்பு

தமிழ்நாட்டில் இப்படி இருக்க, மற்ற மாநிலங்களில் என்ன நிலை? 1995 ஆகஸ்டு 15-ந் தேதி மத்திய அரசாங்கம் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டு வந்தது. சமைத்துப் போட வசதி இல்லாத பல மாநிலங்களில், பிள்ளைக்கு மாதம் மூன்று கிலோ தானியம் கொடுத்து அனுப்பினார்கள்.

தானியம் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? குடும்பம் முழுவதற்கும் பங்கு போகும். பிள்ளை பள்ளியில் பட்டினியாகவே இருக்கும். மாதம் ஒரு நாள் தானியம் வாங்க வந்தால் போதும் என்றும் ஆகிவிடும்.

2001-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த சாப்பாடுதான் கொடுக்க வேண்டும். தானியம் கொடுத்துக் கைகழுவக் கூடாது என்றது. அடுத்த சில வருஷங்களில் நாடு முழுவதும் பள்ளி அடுப்புகள் எரியத் தொடங்கின. ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் பெண் குழந்தைகள் முன்னைவிட அதிகமாகப் பள்ளிக்கு வந்தார்கள் என்று ஆராய்ந்து பார்த்தவர்கள் எழுதினார்கள்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி அல்லது கோதுமை, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்று அளவு வகுத்திருக்கிறார்கள். 450 கலோரி சக்தி கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சாப்பாடு போகிறது.

அடுப்பு அணைந்த நாட்கள்

2020 மார்ச் மாதம் கொரோனா வந்தது. பள்ளிகளை மூடினார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் பாடம் படித்தார்கள். ஏழை வீட்டில் ஒரே ஒரு போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

பாடம் மட்டுமா நின்றது? சாப்பாடும் நின்றது! அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பள்ளிக்கூடப் பந்தி இல்லை. வேலை இழந்த குடும்பங்களில் பையன்கள் பட்டறைக்கும் கடைக்கும் போனார்கள். பெண்களுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். ஒன்றரை வருஷத்துக்கு மேல்! கூழும் படிப்பும் பழையபடி எதிர் எதிராக நின்ற காலம் அது.

காலைப் பசி

மதியச் சோறு மதியம்தான் கிடைக்கும். காலையில்? விடியற்காலை ஐந்து மணிக்கே வேலைக்குப் போகும் தாய்க்குக் காலையில் அடுப்பு மூட்ட நேரம் ஏது? பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து, முதல் இரண்டு பாடவேளையும் மணிச் சத்தத்தையே எதிர்பார்த்துக்கொண்டு இருக்கும்.

2022 செப்டம்பர் 15-ந் தேதி அன்றைய முதல்-அமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 1,545 பள்ளிகள். 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகள். 2023 ஆகஸ்டு 25-ந் தேதி அது அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. 31 ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள். 15 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒரு பலகாரம். கிராமங்களில் மகளிர் குழுப் பெண்களே சமைக்கிறார்கள்.

இன்னும் வராத பிள்ளைகள்

2011-ம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் படித்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். இருபதிலிருந்து எண்பது! அறுபது வருஷத்தில் நடந்த காரியம்.

2010 ஏப்ரல் 1-ந் தேதி முதல், ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரை கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று நாடு முழுவதும் சட்டமே இருக்கிறது. அப்படியானால் எல்லோரும் வந்துவிட்டார்களா?

இல்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும் பிள்ளை, ஆண்டில் பாதி மாதம் சொந்த ஊரில் இருப்பதில்லை. சூளைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த வருஷம் போனதுதான். இருளர் குடும்பங்கள் பல, சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கின்றன. அந்த ஒரு காகிதம் இல்லாததால் உதவித்தொகை இல்லை. மேல்படிப்புக்கு ஒதுக்கிய இடமும் இல்லை. மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், அடுத்த பள்ளிக்கூடம் காட்டைத் தாண்டி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை வளர வளர, அவனுடைய உழைப்பின் விலையும் ஏறுகிறது. எட்டு வயதில் அவன் இழப்பது ஒரு வேளைக் கூழ். பதினாறு வயதில் அவன் இழப்பது நாள் கூலி ஐந்நூறு, அறுநூறு ரூபாய்! ஒரு தட்டுச் சோறு அதற்கு ஈடு ஆகாது. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பிள்ளைகள் நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதற்கும் வழி தேடியிருக்கிறார்கள். அரசாங்கப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. இதுவும் பழைய கணக்கின் தொடர்ச்சிதான். பிள்ளை படிக்கப் போவதால் வீடு எதை இழக்கிறது என்று பார். அதில் ஒரு பங்கையாவது ஈடு செய்!

நூறு ஆண்டு அனுபவம் சொல்லும் பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால், அதற்குப் படிப்பில் ஆசை இல்லை என்றோ, பெற்றோருக்குப் பொறுப்பு இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது. எது தடுக்கிறது என்று அந்த வீட்டு வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 1920-ல் அது பசி. 1960-ல் அது கிழிந்த சட்டை. இன்று அது சூளையாக இருக்கலாம், சான்றிதழாக இருக்கலாம், நாள் கூலியாக இருக்கலாம்.

ஒவ்வொரு பள்ளியிலும் வருகைப் பதிவேடு இருக்கிறது. அதில் தொடர்ந்து பத்து நாள் வராத பெயர்கள் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு வாத்தியாரும், ஊராட்சித் தலைவரும், பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு நடை போய்விட்டு வந்தால், அடுத்து எந்தத் தடையை அகற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.